இருபத்திமூன்றாவது பெயர்

வரைபடத்தில் வட்டம் போட்டதும்
அரைவாசி வாவியில் விழுந்தது.
ஒரு கிலோமீட்டர்.
மண்டூர்க் கரையில் தொடங்கித் தண்ணீருக்குள் இறங்கி
எழுவான்கரையைத் தொட்டும் தொடாமலும் திரும்பியது.
அந்த அரைவாசியில் ஊசிவால் வாத்துகள் மேய்ந்தன.
முகவரி இல்லை, கையெழுத்து இல்லை.
துறையில் பாதை ஏறும் ஒவ்வொரு சைக்கிள் சில்லுக்கும்
மருந்தடித்தோம்.
மேலே பறந்தவை பறந்தன.

மற்ற அரைவாசியில் நானூற்றுப் பதினொரு கோழி.
பவளராணி வளவில் மட்டும் இருநூறு,
மகளிர் சங்கக் கடனில் எடுத்தவை,
இன்னும் ஒன்பது தவணை.
வெள்ளி பின்னேரம் ஏழு செத்துக் கிடக்கு என்று
ஃபோன் எடுத்தவளும் அவள்தான்.
இதை நான் எழுதிவைக்க வேண்டும்:
மிச்சத்தை இரவோடிரவாகக் களுவாஞ்சிகுடிக்கு
ஏற்றி விற்றிருக்கலாம்.
விற்கவில்லை.

படிவத்தில் உரிமையாளர் என்றொரு கட்டம்.
கோயிலடிச் சேவலுக்கு என்ன போடுவது?
கப்புகனாரைக் கேட்டேன்.
"நேர்ந்துவிட்டது மனே, வைரவர்ர."
வைரவர் என்றே எழுதினேன்.
தொழில்: காவல்.
நட்டஈட்டை உண்டியலில் போடச் சொன்னார்.
மறுகா கொஞ்சம் நின்று,
"அவருக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் புடிங்க" என்றார்.
மருதமுனையான் நான்,
முகக்கவசத்துக்குள் என்னமோ சொன்னேன்.

கிடங்கு வெட்டியதும் சுண்ணாம்பு கொட்டியதும்
அறிக்கையில் இருக்கிறது.
மறுநாள் முதல் பாதை ஆளில்லாமல் போனதற்குச்
சேவல் இல்லாததே காரணம் என்றார்கள்.
எனக்குத் தெரியாது.

அதன்பிறகுதான் என் வேலை.
கூடு கழுவியவர், செட்டை பிடுங்கியவர்,
செத்ததை வெறுங்கையால் தூக்கி எறிந்தவர்:
இருபத்திரண்டு பேர், பத்து நாள், காலையும் மாலையும்.
காய்ச்சலா? இருமலா? கண் சிவந்ததா?

கமலநாதன் மூன்றாம் நாள்
"கண் சிவப்புத்தான் சேர், அது வேற விசயம்" என்றான்.
இருந்தும் வாகனம் அனுப்பினேன்.
வேற விசயம்தான்.
தங்கேஸ்வரியின் மகள், நாலாம் வகுப்பு,
தாயின் காய்ச்சல்மானியைத் தானே வாசிப்பாள்:
"தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. வைக்கிறன்."
பவளராணி மட்டும் நான் கேட்குமுன்னமே
இல்ல, இல்ல, இல்ல என்பாள்.
மூன்று கேள்விக்கு மூன்று.
கடன் கேட்டு வருபவனிடம் பழகிய குரல்.

ஆறாம் நாள் பின்னேரம்
அவளோடு கதைக்கையில் எனக்கு இருமல் வந்தது.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு:
"கிடங்கடியில கண்ணாடியக் கழட்டி
வேர்வை துடைச்சீங்க. நான் கண்டனான்.
உங்கட பெயர எழுதிட்டீங்களா?"

எழுதவில்லை.
அந்த ஒரு நிமிடத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.
அங்கி கொதித்தது, கண் எரிந்தது,
கை தானாகப் போனது.
பட்டியலை எடுத்துக் கீழே ஒரு கோடு இழுத்து
இருபத்திமூன்று என்று போட்டேன்.
மூக்கில் குச்சி விட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.
றிஸ்மியா சோத்துக்கோப்பையை அறை வாசலில் தள்ளிவிட்டு
மூன்றுதரம் தட்டிவிட்டுப் போவாள்.
பிள்ளைகள் யன்னலால் கையசைத்தார்கள்,
தூரப் பயணம் போகிறவனுக்கு அசைப்பதுபோல.

ஆறரைக்கு ஃபோன் அடிக்கும். பவளராணி.
என் குரலையே எடுத்து வைத்துக்கொண்டு
"காய்ச்சலா? இருமலா? கண் சிவந்ததா?"
இல்லை. கொஞ்சம். இல்லை.
"கொஞ்சம் எண்டா எவ்வளவு?"
அந்தக் கேள்வி என் படிவத்தில் இல்லை.
இனிமேல் சேர்க்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் மறுமொழி வந்தது:
இல்லை என்று.
அவளுக்குத்தான் முதலில் சொன்னேன்,
இருபத்திரண்டு பேரும் சுகம் என்றும்,
நாளைக்கு வந்து படலையில் கட்டிய
மஞ்சள் நாடாவை அவிழ்ப்போம் என்றும்.

"சேர்,
கடன்காரப் பொடியன் ரெண்டுதரம் வந்தவன்.
நாடாவக் கண்டுட்டுத் தெருவிலயே நிண்டு திரும்பிட்டான்.
அது கிடக்கட்டும்,
இன்னும் ஒரு கிழமைக்கு."